மகளின் பெயர் எங்கே?

காணிப் பிரச்சினை தமிழ்பேசும் மக்களுக்குப் புதிய பிரச்சினை அன்று. கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றத் திட்டங்கள் வகுக்கப்பட்ட காலந்தொட்டு, அரசாங்கம் பகிர்ந்தளிக்கும் காணியில் முதலுரிமை யாருக்கு என்பது எமது அரசியலின் பெருவினாக்களுள் ஒன்றாக இருந்து வந்திருக்கின்றது. 1957 ஆம் ஆண்டின் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தத்தில் அவ்வினா இடம்பெற்றது. 1965 ஆம் ஆண்டின் டட்லி சேனநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் அதற்கு ஒரு வரிசையே வகுத்தது: முதலில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்ற மக்கள்; அடுத்து வடக்குக் கிழக்கு மாகாணங்களில் வாழும் தமிழ்பேசும் மக்கள்; அதன் பின்னரே ஏனையோர். அந்த வரிசைக்காக எம்மவர் பேசினர், எழுதினர், சிறைக்கும் சென்றனர்.

ஆனால் காணி ஒரு தமிழ்க் குடும்பத்தின் கைக்கு வந்து சேர்ந்த பின்னர், அக்குடும்பத்துக்குள்ளே முதலுரிமை யாருக்கு? எமது மேடைகளில் இவ்வினா அரிதாகவே எழுந்தது. எழாமைக்குக் காரணம் உண்டு. விடை முன்னமே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதை எழுதியது எமது சமயமும் அன்று; எமது குல வழக்கமும் அன்று. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே அதை எழுதி வைத்தது.

அச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்போ பெற்ற ஒருவர், தமக்குப்பின் காணியை அடைய வேண்டியவரை நியமிக்காது இறந்தால், காணி யாரைச் சேரும் என்பதை அதன் மூன்றாம் அட்டவணை கூறிற்று. மகன்மார் முதலில், மகள்மார் பின்னர். பேரன்மார் முதலில், பேர்த்திமார் பின்னர். தந்தை, அதன்பின் தாய். சகோதரர், அதன்பின் சகோதரியர். இவ்வாறு படிக்குப்படி ஆண் முன்னும் பெண் பின்னுமாக அவ்வட்டவணை இறங்கிச் சென்றது. ஒரு குடும்பத்தில் நான்கு பெண்களுக்குப்பின் பிறந்த கடைக்குட்டி மகன், நான்கு அக்காமாரையும் தாண்டிக் காணியை அடைவான். பின்னுரித்தாளராக நியமிக்கப்படாத மனைவி கணவனுக்குப்பின் அக்காணியில் வாழலாம், பயிரிடலாம். அதனைப் பராதீனப்படுத்தவோ அடுத்தவரை நியமிக்கவோ அவளுக்கு அதிகாரமில்லை. மறுமணம் செய்தால் அதனையும் இழப்பாள் என்பதும் அச்சட்டத்தின் ஏற்பாடாயிருந்தது.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தனது 12 ஆம் உறுப்புரையில், இனம், மதம், மொழி, சாதி, பால் முதலியவற்றின் காரணமாக எக்குடிமகனுக்கும் ஓரவஞ்சகம் செய்யப்படலாகாது என்று விதித்தது. படிப்பதற்கு இனிய வாசகம். ஆனால் அதே அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை, முன்னர் நடைமுறையிலிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருப்பினும் செல்லுபடியாகும் என்றும் விதித்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்தமைக்கு இதனினும் நல்ல உதாரணம் சட்டப் புத்தகங்களில் அரிது. பெண்களுக்கெதிரான எல்லா வகைப் பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1981 இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் பின்னரும் மூன்றாம் அட்டவணை நாற்பது ஆண்டுகள் அசையாது நின்றது. 2022 ஆம் ஆண்டிலேதான் திருத்தச் சட்டம் ஒன்று வந்து, ஆண் முன், பெண் பின் என்ற அவ்வரிசையை அகற்றியது. எண்பத்தேழு ஆண்டுகள்! மூன்று தலைமுறைகளின் மகள்மார் அந்த வரிசையின் பின்னே நின்று கழிந்தனர்.

சட்டம் திருந்திவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்பார் உளர். குறை அங்கேதான் தொடங்குகின்றது. மூன்றாம் அட்டவணை பேசுவது காணியுடையவர் வாய்மூடி இறந்தபோது மட்டுமே. அவர் உயிருடன் இருக்கும்போது பின்னுரித்தாளரை நியமித்து, அந்நியமனத்தை உரியபடி பதிவும் செய்திருந்தால், நியமனமே வெல்லும். ஆகவே சட்டத்திலிருந்து நீங்கிய பாரபட்சம் தகப்பனின் பேனாவினுள் இருக்க எத்தடையும் இல்லை. பிரதேச செயலகத்தில் நியமனப் படிவத்தை நிரப்பும் கை, ஒரு கணமும் தயங்காது மகனின் பெயரை எழுதுமாயின், 2022 ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வீட்டைப் பொறுத்தவரை பிறவாத திருத்தமே. நாடாளுமன்றம் செய்யக்கூடியதைச் செய்தாயிற்று. எஞ்சியது எமது வீட்டு மேசையில் கிடக்கின்றது.

இதன் விளைவு யாது என்பதைக் கொட்டியாபுரப் பற்றின் கமக்காரர்க்கு ஓர் உதாரணத்தாற் கூறுவோம். ஒருவருக்கு அரசாங்கக் காணியில் அனுமதிப்பத்திரம் உண்டு. மகளுக்குக் கலியாணம் பேசுகின்றார். காணியின் ஒரு பக்கத்தில் கல்வீடு கட்டி, இது உனக்கு என்று சபையறியச் சொல்லிக் கொடுக்கின்றார். மருமகனும் அவ்வீட்டுக்கு வருகின்றார். கிணறு வெட்டப்படுகின்றது, தென்னை காய்க்கின்றது, பேரப்பிள்ளைகள் வளர்கின்றனர். தகப்பனார் காலமாகின்றார். நியமனப் படிவத்தில் உள்ளதோ மகனின் பெயர். அன்றைக்கு அம்மகளின் நிலை என்ன? அதிகாரியின் எழுத்துமூலச் சம்மதமின்றி அனுமதிப்பத்திரக் காணியைக் கைமாற்ற முடியாது. வாய்ச்சொல்லாற் கொடுத்த சீதனம் அக்காணியில் செல்லாது. இருபது ஆண்டுகள் விளக்கேற்றிய வீட்டில் அவள் சட்டத்தின் கண்ணுக்கு அண்ணனின் தயவில் இருப்பவள். அண்ணன் நல்லவனாயின் பிழைப்பாள். உரிமை என்பது அண்ணனின் குணத்தைப் பொறுத்ததாக இருக்கலாமா?

இவ்விடத்தில் நம்மவர் சிலர் பண்பாடு என்ற சொல்லைக் கேடயமாகத் தூக்குவர். கிழக்கிலங்கைத் தமிழரின் பண்பாடு யாது என்பதை அவர்கள் மறந்தனர் போலும். திருமலை தொடக்கம் அக்கரைப்பற்று வரை, மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதும் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். வீடு தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். ஆகவே ஆண்பிள்ளைக்கே முதலுரிமை என்ற விதி இம்மண்ணில் முளைத்ததன்று. குடியேற்ற நாட்டு ஆட்சியின் மேசையில் எழுதப்பட்டு எமது வீட்டுக்குள் நுழைந்தது. அதனைப் பண்பாடு என்று போற்றுவது, பிறர் போட்ட விலங்கைப் பாட்டியின் காப்பு என்று எண்ணி மினுக்குவதற்கு ஒப்பாகும்.

அவ்விலங்குக்கு அலுவலக மொழியில் ஓர் அழகிய பெயர் உண்டு. குடும்பத் தலைவர் என்பது அது. படிவத்தின் முதல் வரியில் நிற்கும் அச்சொல்லுக்கு நேரே ஆணின் பெயரை எழுதுவது வழக்கமாகிவிட்டது. 2004 மார்கழி 26 ஆம் நாள் கடல் பொங்கிக் கிழக்குக் கரையை அழித்த பின்னர், புதிய காணிகளும் வீடுகளும் வழங்கப்பட்டபோது இதன் கேடு வெளிப்பட்டது. சீதன வீடு பெண்ணின் பெயரில் இருந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, அவ்வீட்டுக்கு ஈடாகக் கிடைத்த புதிய வீடு கணவனின் பெயரில் எழுதப்பட்டது. கடல் கொண்டது வீட்டை. அவளது உரிமையைக் கொண்டது படிவத்தின் முதல் வரி.

அடுத்து வந்தது போர். 2006 ஆம் ஆண்டில் மூதூர் கிழக்கு முழுவதும் பெயர்ந்தது. சம்பூர் மக்கள் ஊருக்குத் திரும்ப முடியாது, கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் அமைந்த முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். 2015 ஆம் ஆண்டிலேதான் சம்பூரின் கதவு அவர்களுக்குத் திறக்கத் தொடங்கிற்று. அவ்வாண்டுகளில் அரிசிக்கு வரிசையில் நின்றவர், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர், காணியைக் கேட்டு அலுவலகங்களின் வாயிலில் நின்றவர் யாவர்? பெரும்பாலும் பெண்கள். கணவனை இழந்தவரும் கணவன் காணாமற் போனவரும் அவர்களுள் இருந்தனர். இறந்தான் என்று சொல்ல மனமும் இல்லை, சான்றும் இல்லை என்ற நிலையிலிருந்த பெண்ணுக்கு, காணாமற் போனமைக்கான சான்றிதழ் வழங்கச் சட்டம் வழிசெய்தது 2016 ஆம் ஆண்டிலேதான். அதுவரை குடும்பத்தைச் சுமந்தவள் அவள். அனுமதிப்பத்திரத்தில் இருந்ததோ வீட்டில் இல்லாத ஒருவரின் பெயர்.

எதிர்வாதங்களையும் நேர்மையாக ஆராய்வோம். காணி துண்டாடப்பட்டால் ஒருவருக்கும் பயன்படாது, ஆகவே ஒருவரிடமே போக வேண்டும் என்பது ஒரு வாதம். நியாயமான வாதம். காணியைச் சிதறாது காப்பது அச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் ஒருவரிடம் போகவேண்டும் என்பதிலிருந்து, அவ்வொருவர் ஆணாக இருக்கவேண்டும் என்பது எவ்வாறு பெறப்படும்? மகள் மணமுடித்து அயலூர் போய்விடுவாள் என்பது மற்றொரு வாதம். எமது வழக்கில் அயலூர் போகின்றவன் மகனே. வயல் வேலை பெண்ணால் முடியாது என்பது மூன்றாவது வாதம். இதனை வயல் வரம்பில் நின்று எவராவது சொல்லட்டும் பார்ப்போம். நாற்று நடுகின்றவர் யார்? களை பிடுங்குகின்றவர் யார்? கதிர் பொறுக்கி, நெல் அவித்து, காயவைத்து, விதைநெல்லைப் பத்திரப்படுத்துகின்றவர் யார்? குனிந்த முதுகு நிமிராது நாள் முழுதும் களை பிடுங்குகின்ற பெண்ணுக்கு, ஆணின் கூலியிலும் குறைந்த கூலியே கொடுக்கப்பட்டு வருவதைக் கமக்காரர் அறிவர். வேலைக்கு ஏற்றவள், கூலிக்கும் காணிக்கும் ஏற்காதவள் என்பது என்ன நியாயம்?

காணியில் பெயர் இல்லாதவளுக்கு, காணியைச் சார்ந்த எதிலும் பெயர் கிடைப்பது அரிது. கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் இருப்பது அவர் பெயர். உர மானியம் அவர் பெயரில் வரும். வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் நட்டஈடு அவர் பெயரில் வரும். வங்கி கடன் கொடுப்பதும் அவரை நம்பியே. கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில், எந்த நாளில் தண்ணீர் திறப்பது, எவ்வளவு வயல் சிறுபோகம் செய்வது என்று தீர்மானிக்கின்றவரும் அவரே. வயலில் நின்று தண்ணீர் கட்டுகின்றவள் அக்கூட்டத்துக்குத் தேநீர் கொடுக்க வருகின்றாள்.

பத்திரிகை உலகம் இதனைக் காண்கின்றதா? அறுவடைக் காலத்தில் தமிழ் ஏடுகளில் வரும் படங்களைப் பாருங்கள். வயலில் குனிந்து நிற்கின்றவர் பெண். படத்துக்குக் கீழே பேசுகின்றவர் ஆண். பெண்ணின் சொத்தைப் பற்றி எமது ஏடுகள் விரிவாக எழுதும் இடம் ஒன்றே ஒன்று. மணமகள் தேவை விளம்பரம். அங்கே வீடு, வளவு, வயல், நகை, ரொக்கம் என அனைத்தும் கணக்காக வரும். அவளுக்குக் கொடுக்கப்படுவதற்காக அன்று. அவளோடு சேர்த்துக் கொடுக்கப்படுவதற்காக. ஒரு பெண் காடையரால் சீரழிக்கப்பட்டால், அக்குற்றத்துக்குக் கற்பழிப்பு என்று பெயரிடும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அழிந்தது அவளது கற்பு என்றால், குற்றவாளி செய்த கொடுமை மறைந்து, குறை அவள்மேல் ஏறுகின்றது. திருட்டுப் போன வீட்டைக் குறைபட்ட வீடு என்று எவரும் எழுதுவதில்லை. 1995 ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, பெண்ணின் சம்மதமின்மையே அக்குற்றத்தின் மையம் என்பது தெளிவாக்கப்பட்டது. சட்டம் கற்ற இப்பாடத்தைத் தலைப்பு எழுதுகின்றவர்களும் கற்பது கடமை.

அரசியலுக்கு வருவோம். 1931 ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருங்கே வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் அந்நாளில் இது பெரும் புதுமை. டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்கள் தாமே சென்று வாதாடிப் பெற்ற உரிமை அது. அதனை எதிர்த்தோருள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற எமது பெருந்தலைவர்களும் இருந்தனர் என்பதை மறைப்பதில் பயனில்லை. அடுத்த ஆண்டிலேயே, கணவரின் தேர்தல் செல்லாதென்று தீர்க்கப்பட்ட கொழும்பு வடக்கில், நேசம் சரவணமுத்து அம்மையார் போட்டியிட்டு வென்று அரசாங்க சபையில் அமர்ந்தார். 1960 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையார் உலகின் முதற் பெண் பிரதமரானார். இவ்விருவரும் ஆற்றல் மிக்கோர். ஆயினும் அவர்களுக்குக் கதவு திறந்தது கணவரின் வெற்றிடம். பெண்ணை வாரிசாக ஏற்கும் அரசியல், அவளைத் தொண்டராக உழைத்து உயர்ந்தவளாக ஏற்கத் தயங்குகின்றது. 2024 நவம்பரில் தெரிவான நாடாளுமன்றத்தின் 225 உறுப்பினருள் பெண்கள் பத்திலொரு பங்கையும் எட்டவில்லை.

உள்ளூராட்சியில் சட்டம் தலையிட்டது. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லாதிருந்த சபைகளில், நாலிலொரு பங்கு பெண்களுக்கு என்ற ஏற்பாடு 2018 ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. அதனால் பிரதேச சபைகளில் பெண்கள் வந்து அமர்ந்தனர். வரவேற்கின்றோம். ஆனால் வேட்பாளர் பட்டியலை நிரப்புவதற்காகக் கடைசி நாளில் மனைவியின் பெயரையும் மைத்துனியின் பெயரையும் எழுதும் கட்சி, பெண்ணுக்கு இடம் கொடுக்கவில்லை. தனக்கு இடம் பிடித்துக்கொண்டது. சத்தியாக்கிரகத்தில் வெயிலில் அமர்ந்திருக்கப் பெண்கள் வேண்டும், ஊர்வலத்தின் முன்வரிசையில் படத்தை ஏந்திக்கொண்டு நடக்கப் பெண்கள் வேண்டும், காணியை மீட்கும் போராட்டத்தில் இரவு பகல் குந்தியிருக்கப் பெண்கள் வேண்டும். மீட்ட காணியின் பத்திரத்திலும், வென்ற சபையின் தவிசிலும் மட்டும் அவர்கள் வேண்டாமா?

தமிழகத்தின் வரலாற்றில் எமக்கொரு பாடம் உண்டு. 1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கு மகனோடு ஒத்த பங்கு தமிழ்நாட்டில் சட்டமானது 1989 இல். அறுபது ஆண்டுகள். இந்தியா முழுவதற்கும் அது விரிந்தது 2005 இல். அங்கும், சட்டம் கொடுத்த பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும்படி சகோதரியைக் கேட்கும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. சட்டம் பாதி வழிதான் கொண்டுபோய் விடும். மறுபாதியை நாமே நடக்கவேண்டும்.

ஆகவே எமது வேண்டுகோள் இவை. கமக்காரப் பெருமக்களே, இப்போகம் முடிவதற்குள் உங்கள் அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பின்னுரித்தாளராக எவருடைய பெயர் உள்ளது? உங்களோடு வயலில் நின்றவளின் பெயரா, உங்களை முதுமையில் பார்க்கப்போகின்றவளின் பெயரா? இல்லையெனில் மாற்றுங்கள். உயிருடன் இருக்கும்வரை நியமனத்தை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உயிருடன் இருக்கும்போதே அது பதியப்படவும் வேண்டும். மகளுக்கு வீடு கொடுத்தவர்கள், வாய்ச்சொல்லோடு நிற்காது, பிரதேச செயலகத்தின் சம்மதத்தைப் பெற்று எழுத்தில் கொடுங்கள்.

கற்றோரே, உங்களுக்கும் கடமை உண்டு. வழக்கறிஞரும் நொத்தாரிசுமாரும் கையெழுத்து வாங்குமுன், தங்கையின் பங்கு எங்கே என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆசிரியர்கள் உயர்வகுப்பு மாணவிகளுக்கு ஓர் அனுமதிப்பத்திரத்தை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். அலுவலகங்களில் இருப்போர், குடும்பத் தலைவர் என்ற வரியில் ஆணின் பெயரைத் தாமாக எழுதாது, வந்தவரைக் கேட்டு எழுதுங்கள். அரசாங்கம் இனி வழங்கும் காணியும் வீடும் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்படவேண்டும் என்று எமது பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் வற்புறுத்தவேண்டும். பத்திரம் இருவர் பெயரில் இருக்கும் வீட்டில், ஒருவர் மற்றவரை வெளியே போ என்று சொல்வது எளிதன்று. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் காவலுக்கு, அவள் நிற்கும் மண்ணும் அவளுடையதாக இருக்குமாயின் பலம் இரட்டிப்பாகும்.

பிறர் எமது காணியை எடுத்தபோது, அது அநீதி என்று உலகுக்குச் சொன்னோம். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அதை நடத்தவே வேண்டும். ஆனால் வழக்காடுகின்றவன் தூய கையோடு மன்றுக்கு வரவேண்டும் என்பது நீதியின் பழைய விதி. சொந்த மகளின் பங்கை மறைத்து வைத்த கையோடு, எமது பங்கைத் தா என்று உலகத்திடம் நீட்டுவது எங்ஙனம் பொருந்தும்? நியமனப் படிவம் ஒரு பக்கத் தாள். அதை நிரப்பக் கால் மணித்தியாலம் போதும். இந்த வாரமே அதைச் செய்யுங்கள்.